பச்சைக்கு அடியில் மஞ்சள்

போன டிசம்பர் முதல் வாரம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில், இரணியல் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்த நாட்களில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பெயின்ட் வாசம்தான். எங்கள் வீட்டிலும் பெயின்டர் அண்ணாச்சியும் ஒரு கையாளும் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். முன்னறை ஜன்னலில் வேலை ஆரம்பம். தகடால் சொரண்டுவது, பிறகு கையில் பிடிக்கிற மெஷினில் உப்புத்தாள் வட்டைப் பொருத்தி ஓட்டுவது. பத்து நிமிடத்தில் முன்னறை முழுக்கப் புகைபோலப் பொடி. அந்த ஜன்னலுக்கு ஆறடி தள்ளி, பாயில், இருபது மாதப் பாப்பா கிலுக்கை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

நான் அங்கேயேதான் நின்றேன். பொடி பறக்கிறது என்று தெரிந்தது. பெயின்ட் அடிக்கிற வீடென்றால் பொடி பறக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் மைனி வீடியோவில் கூப்பிட்டாள். அண்ணனின் மனைவி; அமெரிக்காவில் நர்ஸ் வேலை. பாப்பாவைக் காட்டு என்றாள், காட்டினேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"அது பழைய ஜன்னலா பிள்ளே?"

"ஆமா மைனி, பாட்டா காலத்து ஜன்னல்தான்."

"பாப்பாவ அங்கேருந்து தூக்கு முதல்ல. தூக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போ. மெஷின நிறுத்தச் சொல்லு."

அவள் அங்கே ஒரு பழைய வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறாள். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால், குடி வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே காரீயப் பெயின்ட் பற்றிய கையேட்டை அவர்கள் கையில் கொடுத்தாக வேண்டும். அங்கே அது சட்டம். வீட்டுக்குப் பூசும் காரீயப் பெயின்டை அவர்கள் தடைசெய்தது அந்த ஆண்டில். அப்படிப்பட்ட வீடுகளில் கூலிக்குச் சொரண்டவும் தேய்க்கவும் வருகிறவர்கள் அதற்கென்று பயிற்சி எடுத்துச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்ற விதி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கையேட்டை அவள் படித்திருந்ததால்தான் பாப்பாவை அன்று அங்கிருந்து தூக்கினேன். நம் ஊரில் பெயின்ட் அடிக்கிற சமயத்தில் அப்படி ஒரு தாள் யார் கைக்கும் வருவதில்லை. இதை நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அம்மாவிடம் "பெயின்ட்ல ஈயம் இருக்காம்" என்று சொன்னதும் அம்மா கேட்டது, "ஈயச்சொம்புல ரசம் வச்சுக் குடிச்சுத்தானே நாமெல்லாம் வளந்தோம்?" நியாயமான கேள்வி. தமிழில் இரண்டையும் ஈயம் என்கிறோம். ரசச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயம். அது வேறு உலோகம். பெயின்டில் கிடப்பது காரீயம். பழைய பேட்டரியிலும் வலையின் அடியில் கட்டுகிற குண்டிலும் இருப்பது இதுதான். உடம்பில் இதற்கு ஒரு வேலையும் கிடையாது. சுண்ணாம்புச் சத்து போகிற வழியில் புகுந்து எலும்பில் குடியேறி, பத்து இருபது ஆண்டுகள் கூட அங்கேயே கிடக்கும்.

பெயின்டில் அதை ஏன் சேர்த்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. அதைச் சேர்த்தால் எண்ணெய்ப் பெயின்ட் சீக்கிரம் காயும். மழையையும் வெயிலையும் தாங்கும். இரும்புக் கம்பியில் துரு ஏறாது. மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று நிற்கும். வருடத்தில் இரண்டு பருவமழை வாங்குகிற, உப்புக் காற்றடிக்கிற நம் மாவட்டத்துக்கு இப்படி ஒரு பெயின்ட் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பாட்டா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடையில் இருந்ததில் நல்லதை வாங்கித்தான் அடித்தார்.

மெஷினை நிறுத்திய அன்று மாலை, ஜன்னல் கட்டையிலிருந்து உதிர்ந்த ஒரு சில்லை எடுத்துப் பார்த்தேன். பெருவிரல் நகம் அளவு. ஓரத்தைச் சாய்த்து டார்ச் அடித்தால் கேக் துண்டுபோல அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. மேலே தவிட்டு நிறம். அது 2018, என் கல்யாணத்துக்கு அடித்தது. அதன் கீழே தந்த நிறம். மாமா குவைத்திலிருந்து வந்து வீட்டுக்கு ஓடு மாற்றின வருடம். அதற்கும் கீழே நல்ல பச்சை. 1987-இல் அம்மா கல்யாணம். பச்சைக்கு அடியில் மஞ்சள், முட்டை மஞ்சளைவிடப் பளிச்சென்று. அந்த மஞ்சள் எப்போது அடித்தது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அடியில் மரத்தோடு ஒட்டி மங்கின ஒரு நீலம். வீடு கட்டியது 1958-இல். ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்து இரண்டாவது வருடம் கட்டிய வீடு என்று பாட்டா சொல்வார்.

அந்த மஞ்சளைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குரோம் மஞ்சள் என்பது காரீயமும் குரோமியமும் சேர்ந்த ஒரு பொடி. அந்தக் காலத்துப் பச்சையில் பலவும் இதே மஞ்சளோடு நீலத்தைக் கலந்து செய்தவை. பளிச்சென்ற மஞ்சள், பச்சை, சிவப்பு, இந்த மூன்றையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சில்லை ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். இந்தியாவில் இப்போது சட்டம் அனுமதிக்கும் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கு. எங்கள் ஜன்னல் சில்லு ஆயிரக்கணக்கில் வந்தது.

அந்த 90 என்ற வரம்பு வந்து ரொம்ப நாளாகவில்லை. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசுகிற பெயின்டில் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2016-இல் வெளியிட்டது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. நவம்பர் 1 நமக்கு மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள் என்பதால் இந்தத் தேதி எனக்கு மறக்கவே மறக்காது. நீங்களும் அதை ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அடித்த எந்த எண்ணெய்ப் பெயின்டிலும் காரீயம் இருக்கலாம். அதற்குப் பின் அடித்தது என்றாலும், அடியில் பழைய அடுக்கு கிடக்கிறதல்லவா? எங்கள் மேலடுக்கு 2018-இல் அடித்ததுதான். உப்புத்தாள் அதைத் தாண்டிப் போக எத்தனை நேரம் ஆகும்?

மைனி கண்டிப்பாகச் சொன்னதால் பாப்பாவுக்கு ரத்தம் சோதித்தோம். நாகர்கோவிலில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரம் நான் தூங்கினதாக நினைவில்லை. டெசிலிட்டருக்கு 8.1 மைக்ரோகிராம்.

காரீயத்தில் இந்த அளவுவரை பாதிப்பில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவு கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. எங்கள் குழந்தைகள் டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பக்கத்தில் பேட்டரி உருக்குகிற இடம் உண்டா? கண்ணுக்கு மை எங்கே வாங்குகிறீர்கள்? வீட்டில் யாராவது வலைக்குக் குண்டு வார்ப்பதுண்டா? மஞ்சள்பொடி கடையிலா, வீட்டில் அரைப்பதா? மஞ்சள்பொடியைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நிறம் தூக்கலாகத் தெரிய அதில் கலப்படம் செய்வதும் அதே குரோம் மஞ்சள்தானாம். நாங்கள் கிழங்கு வாங்கி அவித்து அரைக்கிறவர்கள். கடைசியில் மிஞ்சியது ஜன்னல்தான்.

2020-இல் யுனிசெஃப்பும் ப்யூர் எர்த் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டன. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, கிட்டத்தட்ட 80 கோடிப் பிள்ளைகளுக்கு, ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது ஆறுதலும் வரவில்லை, பயமும் குறையவில்லை. இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒருமுறையாவது சோதித்திருப்பார்கள் என்ற எண்ணம்தான் வந்தது. காய்ச்சல் இருக்காது, சொறி இருக்காது, வாந்தி இருக்காது. ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குள் மூளை வளர்கிற வேலையை அது மெல்லக் கெடுக்கும். பிறகு பள்ளிக்கூடத்தில் 'கவனம் இல்லை, மந்தம்' என்று பேர் வாங்கும். வயிற்றுக்குள் போகிற காரீயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நாலைந்து மடங்கு சின்னப் பிள்ளைகள் உறிஞ்சுகிறார்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

ஒரு நாள் மெஷின் ஓட்டியதால் மட்டுமே 8.1 வந்ததா என்று கேட்டேன். அதைப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து ஜன்னலை மறுபடி பார்த்தேன். ஜூன் மாதம் மழை தொடங்கினால் எங்கள் அயனிமரச் சட்டங்கள் ஊதிக்கொள்ளும். கதவு இறுகும். தோள் கொடுத்துத் தள்ளித் திறப்போம், இழுத்து அடைப்போம். ஒவ்வொரு தடவையும் சட்டத்தின் ஓரம் நிலையோடு உரசி, இம்மி இம்மியாகப் பெயின்ட் அரைந்து கட்டையில் விழும். அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் பாப்பா நிற்கப் பழகினாள். கம்பியை வாயில் வைத்துக்கொண்டு ரோட்டில் போகிற ஆட்டோவைப் பார்ப்பாள். அந்தப் படத்தை நானே எடுத்து வாட்ஸாப்பில் வைத்திருந்தேன்.

வேலையைப் பாதியில் போட முடியாது. சொரண்டிய ஜன்னல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஜன்னல் எல்லாவற்றையும் அலுமினியத்துக்கு மாற்றலாம் என்று விலை கேட்டோம். எங்களுக்குக் கட்டாது, பாட்டாவின் அயனிமரத்தை இழக்கவும் மனமில்லை. பிறகு மைனி அனுப்பியதையும் டாக்டர் சொன்னதையும் வைத்து, பெயின்டர் அண்ணாச்சியோடு திண்ணையில் உட்கார்ந்து பேசினேன்.

அண்ணாச்சி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணும் ஆவாது மக்களே. முப்பது வருசமா இந்தப் பொடியத் தின்னுட்டுதானே கெடக்கேன்." அப்போது அவர் கையில் மரச்சீனிக்கிழங்கு. அம்மா அவித்துக் கொடுத்தது, மீன்குழம்போடு. கைகழுவிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் கிழங்கைப் பிட்டு எடுத்தபோது அவருடைய நகக்கண்களில் மெல்லிய பச்சைக் கோடு தெரிந்தது. அதை நான் காட்டினேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பேத்தி ஓடிவந்து தோள்ல ஏறும்" என்றார். மெஷின் ஓட்டிய அன்று போட்டிருந்த அதே வேலைச் சட்டையில்தான் இருந்தார். அதற்கு மேல் நான் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்த பெரிய நல்ல செய்தி, வீடு முழுக்கப் பயப்பட வேண்டியதில்லை என்பதுதான். பழைய வீட்டுச் சுவர்களில் அந்தக் காலத்தில் அடித்தது சுண்ணாம்பு. சிப்பி நீற்றிய சுண்ணாம்பு அடிக்கடி அடித்துத்தான் எங்கள் சுவர் கனத்திருக்கிறது. அதில் பிரச்சினை இல்லை. சிவப்புத் தரையும் அப்படித்தான். அந்தச் சிவப்பு இரும்பிலிருந்து வருவது. எண்ணெய்ப் பெயின்ட் பட்ட இடங்களைத்தான் பார்க்க வேண்டும். கதவு, ஜன்னல், நிலை, கம்பி, கைப்பிடி, வெளிக்கதவு, பழைய தொட்டில், மர ஊஞ்சல். அவற்றிலும் பெயின்ட் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து மேலே புதிதாக அடித்துவிடலாம். அடியில் கிடப்பது அங்கேயே கிடக்கட்டும். ஆபத்து உரிகிற இடத்திலும் உரசுகிற இடத்திலும்தான். எங்கள் வீட்டில் பதினோரு ஜன்னலில் நாலுதான் அப்படி இருந்தன. சில்லைச் சோதிக்கப் பணம் செலவழிக்க வேண்டுமென்றும் இல்லை. பழைய எண்ணெய்ப் பெயின்ட் என்றால் காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்துவிடலாம். அந்தக் காசுக்கு நல்ல முகமூடி வாங்கலாம்.

செய்த விதத்தைச் சொல்கிறேன். பாப்பாவையும் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த என் தங்கையையும் திங்கள்சந்தையில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். கர்ப்பிணிகள் மேல் பொடி படவே கூடாது, அது பிள்ளைக்கு நேராகப் போகும். அறையிலிருந்த சாமானையெல்லாம் வெளியே எடுத்தோம். எடுக்க முடியாத பத்தாயத்தைப் பிளாஸ்டிக்கால் மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டினோம். உள்வாசலுக்கும் ஒரு பிளாஸ்டிக் திரை. ஜன்னலுக்குக் கீழே தரையில் கனமான தார்ப்பாய், ஓரம் மடித்து, சிந்துகிற தண்ணீர் வெளியே போகாத மாதிரி. வெளிப்பக்கமும் மண்ணில் விழாமல் ஒன்று. பாட்டா வைத்த முருங்கை அந்த ஜன்னலுக்கு நேராகத்தான் நிற்கிறது.

பிறகு தண்ணீர். செடிக்குத் தெளிக்கிற கைப்பம்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, சொரண்டப் போகிற இடத்தை நனைத்தோம். ஒரு நிமிடம் ஊறவிட்டுத் தகடு. உலர்ந்தால் மறுபடி தெளிப்பு. தேய்க்க வாட்டர் பேப்பர், அதையும் நனைத்து நனைத்து. மெஷின் வேண்டவே வேண்டாம். ப்ளோ லாம்ப் வைத்துப் பொசுக்குவதும் கூடாது, சூட்டில் காரீயம் புகையாகி நேராக நெஞ்சுக்குள் போகும். முதல் அரைமணி நேரம் அண்ணாச்சி முகம் சுளித்தார். பிறகு அவரே சொன்னார், "பொடியே பறக்கல பாத்தியளா." சேறுபோல வழிந்தது. பச்சையும் மஞ்சளும் கலந்த சேறு. அதைத் துணியால் வழித்துச் சாக்கில் போட்டோம். உரசுகிற ஓரங்களை மட்டும் ஆசாரியை வைத்து, நனைத்துவிட்டு, இழைப்புளியால் ஒரு நூல் அளவு எடுத்தோம். இந்த மழைக்கு ஜன்னல் இறுகவில்லை.

முகமூடி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முகத்தில் துண்டு கட்டுவதும் துணி மாஸ்க்கும் இந்தப் பொடிக்கு நிற்காது. வடிகட்டி மாற்றக்கூடிய ரப்பர் முகமூடி இரண்டு வாங்கினோம், நுண்பொடியைத் தடுக்கிற பி100 வடிகட்டியோடு. அண்ணாச்சிக்கு ஒன்று, கையாளுக்கு ஒன்று. அவர்கள் அதைக் கொண்டுபோகவும் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வாரியலைத் தொடவில்லை. உலர்ந்த தரையைப் பெருக்கினால் அடங்கின பொடி மறுபடி எழும். சாதாரண வாக்குவம் மெஷினும் நுண்பொடியைப் பின்பக்கமாக ஊதிவிடும். ஒரு மணி நேரம் அடங்கவிட்டு, இரண்டு வாளி வைத்துத் துடைத்தேன்; ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசுகிற தண்ணீர். மூலையிலிருந்து வாசல் நோக்கி. தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று தடவை. இந்த வேலையை நான் யாரிடமும் விடவில்லை.

அண்ணாச்சி கிணற்றடியில் கைகால் முகம் கழுவி, வேலைச் சட்டையைக் கழற்றித் தனிப்பையில் கட்டி, வேறு சட்டை போட்டுத்தான் சைக்கிள் ஏறினார். முதல் நாள் நான் சொல்லி, இரண்டாம் நாளிலிருந்து அவராகவே. வேலை இரண்டு நாள் கூடியது, அந்தக் கூலியைக் கூடுதலாகக் கொடுத்தோம். தார்ப்பாய், பம்பு, முகமூடி எல்லாம் சேர்த்தும் ஒரு ஜன்னல் மாற்றுகிற செலவுகூட ஆகவில்லை.

அம்மாவோடு ஒரே ஒரு சண்டை. ஆசாரி மாற்றிப்போட்ட உளுத்த சட்டம் ஒன்றை அம்மா பிளந்து அடுப்படியில் அடுக்கி வைத்துவிட்டாள். "அயனிமரம் மக்களே, நின்னு எரியும்." நம் வீடுகளில் எப்போதும் நடப்பதுதான் இது. பெயின்ட் அடித்த பழைய கதவும் ஜன்னலும் கடைசியில் வெந்நீர் அடுப்புக்கு வரும். ஆனால் மரம்தான் எரிகிறது, காரீயம் எரிந்து போவதில்லை. பாதி புகையில், மீதி சாம்பலில். அந்தச் சாம்பலை என்ன செய்கிறோம்? பாத்திரம் தேய்க்கிறோம், கீரைப் பாத்திக்குப் போடுகிறோம். இதைச் சொன்னபோது அம்மா பேசாமல் இருந்தாள். மறுநாள் பார்த்தால் சட்டத் துண்டுகள் சாக்கில் இருந்தன. பழைய பெயின்ட் டப்பாவை வீட்டு அபாயக் கழிவு என்றுதான் 2016 திடக்கழிவு விதிகள் வகைப்படுத்தின. அதே கணக்கில் சில்லு, துணி, சேறு எல்லாவற்றையும் இரட்டைச் சாக்கில் கட்டி, உள்ளே என்ன என்று எழுதி ஒட்டி, குப்பை எடுக்க வருகிறவர்களிடம் சொல்லித்தான் கொடுத்தோம். தென்னை மூட்டில் கொட்டுவதும் குளத்தில் எறிவதும் செய்யவே கூடாத காரியம்.

புதுப் பெயின்ட் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். காரீயம் 90-க்கு மேல் இல்லை என்று அச்சிட்டிருக்க வேண்டும். அந்த விதி வீட்டுப் பெயின்டுக்கும் அலங்காரப் பெயின்டுக்கும்தான். மெஷினுக்கும் பாலத்துக்கும் அடித்த மிச்சம் சும்மா கிடைக்கிறது என்று வெளிக்கதவுக்கு அடித்துவிடாதீர்கள். அப்படி ஒரு டப்பா எங்கள் விறகுப்புரையிலும் கிடந்தது, மஞ்சள்தான்.

பாப்பாவுக்கு டாக்டர் மருந்து என்று பெரிதாக எதுவும் கொடுக்கவில்லை. ரத்தத்திலிருந்து காரீயத்தைப் பிரித்தெடுக்கிற சிகிச்சை 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ போனால்தான். இரும்புச் சத்துக் குறைந்திருந்ததால் அதற்குச் சொட்டு மருந்து. பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை. சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும் கைகழுவல். மூன்று மாதம் கழித்து மார்ச்சில் மறுபடி சோதித்தோம். 4.3. ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும், எலும்புக்குப் போனது அங்கேயேதான் இருக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆறு மாதத்தில் இன்னொரு சோதனை இருக்கிறது.

அண்ணாச்சியிடமிருந்து போன வாரம் போன் வந்தது. தக்கலைப் பக்கம் ஒரு பழைய வீடு, கதவெல்லாம் பச்சையாம். அந்தக் கைப்பம்பு இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தனுப்பினேன். மச்சுக்குப் போகிற கதவு ஒன்று எங்கள் வீட்டிலும் பாக்கி இருக்கிறது. அதன் கீழ்ப்பாகம் உரிகிறது. பம்பு திரும்பி வரும்வரை அதன் மேல் பிளாஸ்டிக்கை இழுத்துக் கட்டி டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். பாப்பா தினமும் போய் அந்தப் பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்க்கிறாள். தினமும் நான் அவள் கையைக் கழுவிவிடுகிறேன்.